ஐந்து மணி யாருடையது?

சென்ற ஆண்டு, முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். முதல் பக்கத்தில் 'நாவலை எழுதி முடிக்கப் பன்னிரண்டு வழிகள்' என்று தலைப்பு. கைப்பேசியில் கேட்ட உரைகளிலிருந்தும் நூலகத்தில் எடுத்த தன்முன்னேற்றப் புத்தகங்களிலிருந்தும் அவளே திரட்டியது. காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். தினமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசியை வேறு அறையில் வைக்க வேண்டும். ஆயிரம் சொல் ஆகும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஒருநாள்கூடத் தவறவிடக் கூடாது. இப்படிப் பன்னிரண்டு. அவள் தன் பாட்டியைப் பற்றி ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருந்தாள். அது முப்பதாம் பக்கத்தில் நின்றுபோயிருந்தது.

வேடிக்கையாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று, "பாளையம்பட்டியில அஞ்சு மணிக்கு எந்திரிக்காத பொம்பள யாரும்மா இருக்கா?" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்ப நீங்க ஏன் மேடம் இன்னும் முடிக்கல?" என்று கேட்டாள்.

நான் 2014இல் ஒரு நாவலைத் தொடங்கினேன். அருப்புக்கோட்டையில் நான் பிறந்து வளர்ந்த நெசவுத் தெருவைப் பற்றியது. பதினோரு அத்தியாயங்கள் எழுதியிருந்தேன். எப்போதோ வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அவள் நினைவில் இருந்திருக்கிறது. நல்லவேளையாக அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தது. எழுந்து போய்விட்டேன்.

இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில். பதிலைத் தேடும்போது, நாவல் எழுதிய பெண்கள் எந்தப் பொழுதில், யார் நடுவில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று படித்துக்கொண்டே போனேன். படித்ததில் சில என் சாக்குகளுக்கு ஆதரவாக இருந்தன. சில இல்லை.

காப்பி கொண்டுவந்த கை

முதலில் அந்த ஐந்து மணியைப் பார்ப்போம். எங்கள் ஊரில் அது காலியாகக் கிடக்கும் பொழுது அல்ல. மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். மல்லிகைத் தோட்டங்களில் மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்று பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்திருப்பார்கள். பஞ்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் முக்கில் நிற்கும். குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் தெருவே குடங்களோடு விழித்திருக்கும். இந்தக் கரிசல் பூமியில் தண்ணீர் வரும் நேரம்தான் கடிகாரம். ஆக, 'ஐந்து மணிக்கு எழு' என்ற அறிவுரை எங்கள் பெண்களுக்குப் புதிதில்லை. ஐந்து மணிக்கு எழுந்து தனக்காக உட்காருவதுதான் புதிது.

அப்படி ஒரு காலியான ஐந்து மணி யாருக்கு இருந்தது? இந்த வகை அறிவுரைகளின் பழைய ஊற்றுகளில் ஒன்று ஆந்தனி டிரோலப். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். தபால் துறையில் அதிகாரி. வேலையில் இருந்துகொண்டே எழுதத் தொடங்கி, மொத்தம் நாற்பத்தேழு நாவல்கள் எழுதினார். 1883இல் வெளியான தன்வரலாற்றில் தன் முறையை விவரிக்கிறார்: காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதுவார், தினமும் மூன்று மணி நேரம். உலகமெங்கும் எழுத்துப் பயிற்சி நூல்களில் இந்தக் கணக்கு எடுத்தாளப்படுகிறது.

ஆனால் அதே பக்கங்களில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவரை எழுப்பிவிடுவதற்கும் காப்பி கொண்டுவந்து கொடுப்பதற்கும் ஒரு வயதான வேலையாள் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார் டிரோலப். அந்த ஆள் ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை என்றும், தன் வெற்றியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்றும் டிரோலப்பே ஒப்புக்கொள்கிறார். அவருடைய நேர்மையைப் பாராட்ட வேண்டும். அறிவுரைப் புத்தகங்கள் 250 சொல்லை எடுத்துக்கொண்டு 5 பவுனை விட்டுவிட்டன.

அந்தத் தன்வரலாற்றில் என்னை நிறுத்திய இடம் வேறு. அவருடைய தாய் பிரான்சிஸ் டிரோலப்பும் எழுத்தாளர். முதல் புத்தகம் 1832இல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கடனில் மூழ்கிய குடும்பத்தைக் காப்பாற்ற எழுதினார். பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்த வீட்டில் ஒரு மகனும் கணவரும் சாகக் கிடந்தபோது, அவர்களைக் கவனித்துக்கொண்டே, மருந்து கொடுக்கும் வேளைகளுக்கு நடுவில் நாவல் எழுதினார். வீடு விழிக்கும் முன் எழுதி முடிக்க விடியற்காலை நான்கு மணிக்கே மேசைக்கு வந்துவிடுவார் என்று மகன் எழுதுகிறார். மகனுக்கு ஐந்தரை, தாய்க்கு நான்கு. அந்தத் தாயைக் காப்பியோடு எழுப்பிய ஆள் யாரையும் மகன் குறிப்பிடவில்லை. ஒழுங்குக்கு உதாரணமாக மகன் நிலைத்தார். தாயின் நான்கு மணி அந்த உதாரணத்துக்குள் வரவில்லை.

சிதறலும் கூப்பிடு குரலும்

என் மாணவியின் பட்டியலில் ஏழு வழிகள் ஏதோ ஒரு விதத்தில் கவனச்சிதறலைப் பற்றியவை. கவனச்சிதறல் என்ற சொல்லிலேயே குற்றவாளி யார் என்ற தீர்ப்பு இருக்கிறது. சிதறுவது என் கவனம். ஆகவே திருந்த வேண்டியவள் நான்.

ஒரு ராத்திரி சோதித்துப் பார்த்தேன். ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை எழுத உட்கார்ந்து, எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் தாளின் ஓரத்தில் குறித்தேன். ஏழு தடவை. மகளின் நாளைய சீருடை. கணவரின் மாத்திரை எந்த டப்பாவில் என்ற கேள்வி. அம்மாவுக்கு வெந்நீர். பால் உறைக்கு ஊற்றியாயிற்றா என்ற சந்தேகம். பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வந்த சாவி. மீதி இரண்டு தடவை நானே எழுந்து போய்க் கைப்பேசியைப் பார்த்தேன்.

பின்னவை இரண்டும் கவனச்சிதறல்தான். அவற்றுக்கு மாணவியின் பட்டியலில் மருந்து இருக்கிறது. முன்னவை ஐந்துக்கும் வேறு பெயர் வேண்டும். அவற்றைக் கூப்பிடு குரல் என்கிறேன். என் நேரத்தின் மேல் பிறருக்கு உரிமை இருக்கிறது என்று வீடு நம்புகிறது. நானும் நம்புகிறேன். கைப்பேசியை வேறு அறையில் வைக்கலாம். அம்மாவின் வெந்நீரை எந்த அறையில் வைப்பது? இரண்டையும் ஒரே சொல்லில் கட்டுவதுதான் இந்த அறிவுரை இலக்கியத்தின் பெரிய பிழை. கட்டியவுடன், பகிர்ந்துகொள்ள வேண்டிய வேலை தனிமனித ஒழுக்கமாகிவிடுகிறது.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024ஆம் ஆண்டுக்குச் சொல்வது இது: ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை. 2019இல் இது 299க்கு 97 ஆக இருந்தது. பெண்களின் நேரம் சற்றுக் குறைந்திருக்கிறது. ஆனால் ஆண்களுடையதும் குறைந்திருக்கிறது. 289க்கும் 88க்கும் இடைவெளி 201 நிமிடம். மூன்று மணி இருபத்தொரு நிமிடம். டிரோலப் தினமும் எழுதிய நேரம் மூன்று மணி.

இங்கே வர்ஜீனியா வுல்ஃப் நினைவுக்கு வராமல் போகாது. எழுத நினைக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுனும் பூட்டக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் வெளியான புத்தகத்தில் அவர் வாதிட்டார். இன்றும் அதைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை. ஆனால் அந்த அறையை யார் பெருக்கினார்கள்? வுல்ஃப் வீட்டில் நெல்லி பாக்ஸால் என்ற சமையல்காரப் பெண் பல ஆண்டுகள் இருந்தார். இருவருக்கும் இடையே ஓயாத சச்சரவு, வுல்ஃபின் நாட்குறிப்புகளில் அது கொட்டிக்கிடக்கிறது.

வுல்ஃபைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. என் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருகிறார். விடிவதற்கு முன் பூப்பறிக்கப் போய்விட்டு, எட்டு மணிக்கு விரலெல்லாம் காம்புக் கறையோடு என் வீட்டுக்கு வருகிறார். காலையில் எனக்குக் கிடைக்கும் அரை மணி நேரம் அவர் எனக்கு விற்றது. என் ஐந்து பவுன் அது. நாவலின் நன்றியுரையில் அவர் பெயரைப் போடலாம் என்று ஒருமுறை நினைத்தேன். பிறகு, பெயருக்கு முன் சம்பளத்தை உயர்த்து என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உயர்த்தினேன், போதுமானதா என்று கேட்டால் இல்லை. பெண்ணெழுத்தின் நேரம் பற்றிப் பேசும்போது, அந்த நேரம் எந்தப் பெண்ணிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பேசாவிட்டால் நம் பேச்சு பாதிதான்.

பொழுதும் வடிவமும்

இனி நாவல்களுக்கு வருகிறேன். ஏனென்றால் இந்த நேரக் கணக்கு பிரதிக்கு வெளியே நிற்கும் சங்கதி அல்ல.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. 2008இல் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தேன். நாவலுக்கு மையப் பாத்திரம் இல்லை, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது, கட்டுக்கோப்புப் போதவில்லை என்று எழுதியிருந்தேன். கைதட்டல் கிடைத்தது. இன்று அந்தத் தாள்களைப் பார்க்கக் கூசுகிறது.

சல்மா துவரங்குறிச்சியில் பிறந்தவர். பூப்படைந்த பின் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது. திருமணத்துக்குப் பிறகு, வீடு உறங்கியபின் குளியலறைக்குள் போய், தாளை மறைத்து வைத்துக் கவிதைகள் எழுதினார். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றி 2013இல் கிம் லாங்கினோட்டோ எடுத்த ஆவணப்படத்திலும் இது பதிவாகியிருக்கிறது. ராஜாத்தி என்ற பெயரை மறைத்துச் சல்மா ஆனதும் அந்த வீட்டுக்குள் எழுதுவதற்காகத்தான். நாவலின் தலைப்பிலேயே ஒரு பொழுது இருப்பதை 2008இல் நான் பார்க்கவில்லை. ஊர் அடங்கிய பின், பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளக் கிடைக்கும் பொழுது அது.

சல்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை, அதனால் துண்டு துண்டாக எழுதினார் என்று இப்போது விளக்கினால் அது இன்னொரு அவமதிப்பு. குறையை மன்னிப்பதாகச் சொல்லி, குறை என்றே உறுதி செய்வது. நான் சொல்வது வேறு. அந்த வீடுகளில் எந்தப் பெண்ணுக்கும் தன் கதையை நடுவில் வைத்துக்கொள்ளும் அனுமதி இல்லை. சிறுமி ராபியா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதை இன்னொரு வாசலுக்குக் கூப்பிடப்படுகிறது. ஒரு பெண்ணின் துயரம் முடியும் முன் அடுத்தவளின் துயரம் கதவைத் தட்டுகிறது. குறுக்கிடப்படும் வாழ்க்கையை, குறுக்கிடுதலையே இலக்கணமாக்கி எழுதிய நாவல் அது. மையம் இல்லாதது அதன் குறையல்ல, அதன் கண்டுபிடிப்பு. கதவைச் சாத்திக்கொண்டு, கூப்பிடு குரலே கேட்காத அறையில் எழுதிய நாவலை அளக்கும் கோலால் அதை நான் அளந்துவிட்டேன்.

ஒழுங்கு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் பாமாவைப் படிக்க வேண்டும். எங்கள் விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டிக்காரர். ஆசிரியையாக இருந்து, பிறகு துறவற சபையில் சேர்ந்தார். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் ஜெபித்து, மணியடித்தால் உறங்கும் கன்னியர் மடத்தைவிட ஒழுங்கான நாள் எங்கே கிடைக்கும்? குழந்தை இல்லை, கணவர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. பட்டியலின் பன்னிரண்டு வழிகளும் அங்கே நிறைவேறும். ஆனால் 'கருக்கு' அங்கே எழுதப்படவில்லை. தலித் பெண்ணாக அங்கே தான் கண்ட வேற்றுமையைச் சகிக்க முடியாமல், 1992இல் எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்து, கையில் வேலையில்லாமல் நின்ற நாட்களில்தான் அது எழுதப்பட்டது. அதே ஆண்டு மதுரையிலிருந்து வெளிவந்தது. வரிசைக்கிரமம் இல்லாமல், ஒரே நினைவுக்குத் திரும்பத் திரும்ப வந்து, தெருவின் பேச்சிலேயே போகும் அந்தப் புத்தகத்துக்கும் அட்டவணைக்கும் வெகுதூரம். கால அட்டவணை யாருடையது என்று கேட்டுவிட்டு எழுதியது அது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வை.மு.கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர். ஐந்து வயதில் திருமணம். பள்ளிப் படிப்பு கிடையாது. 1924இல் அச்சான முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். எழுதக் கற்றுக்கொண்டதே அதன் பிறகுதான். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். அவருடைய எழுத்தில் பிரசங்கம் அதிகம், அளவும் அதிகம் என்று இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. பிரசங்கம் உண்டுதான். ஆனால் எழுதும் பழக்கத்தைப் பற்றிப் படிக்க விரும்பும் மாணவி டிரோலப்புக்குப் போகும் முன் கோதைநாயகிக்குப் போகலாம். அவருடைய ஒழுங்கு தனியாளின் மன உறுதியில் மட்டும் நிற்கவில்லை. எழுதிக்கொடுத்த தோழி, ஊக்கம் தந்த கணவர், மாதம் தவறாமல் வந்தாக வேண்டிய இதழ், அடுத்த பகுதிக்குக் காத்திருந்த வாசகப் பெண்கள் என்று பலர் சேர்ந்து தாங்கிய ஒழுங்கு அது. 'என் நாவலை எழுதுகிறேன்' என்பவளுக்கு வழிவிடாத வீடு, 'பத்திரிகைக்கு இன்று கொடுத்தாக வேண்டும்' என்பவளுக்குக் கொஞ்சம் வழிவிடும். பெண்ணின் ஆசைக்கு இல்லாத மதிப்பு பிறருக்குத் தரவேண்டிய வேலைக்கு உண்டு. இது நியாயமல்ல. ஆனால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

காலியான வீடு

இவ்வளவு படித்தபின், மாணவியிடம் போய் 'என் நாவல் முடியாததற்குக் காரணம் கூப்பிடு குரல்கள்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது முழு உண்மையல்ல.

இரண்டு வருடத்துக்கு முன் மாசி மாதம், வீட்டில் எல்லோரும் குலதெய்வக் கோயிலுக்குப் போனார்கள். எனக்குத் தேர்வுப் பணி இருந்ததால் தங்கிவிட்டேன். மூன்று ராத்திரி, இரண்டு பகல். வெந்நீர் கேட்க ஆளில்லை. கதவைச் சாத்தக்கூட வேண்டியதில்லை. அந்த மூன்று ராத்திரியும் நான் அலமாரியை ஒழித்தேன். மசாலா டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டினேன். கைப்பேசியில் யாரோ வீடு கட்டுவதைப் பார்த்தேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதவில்லை. அவர்கள் திரும்பி வந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டபோது எனக்கு ஏற்பட்டது எரிச்சல் அல்ல, நிம்மதி.

அந்த அத்தியாயத்தில் இருப்பது என் அப்பாவும் அம்மாவும். அப்பா குழித்தறியில் நெய்வார். அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். தார் தீர்ந்தால் நாடா ஓடாது, தறி நிற்கும். கூலிப் புத்தகத்தில் அப்பா பெயர் மட்டும்தான். சேலைக்கு இவ்வளவு என்று வரும் கூலிக்குள் அம்மாவின் தாரும் அடக்கம். எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு பகலில் தறிச் சத்தம் நின்றது. அம்மா ராட்டைக்குப் பக்கத்தில் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாள். தார் தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. அப்பா குழியிலிருந்து எழுந்து வந்து, அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்து அடுப்பில் போட்டார். அடிக்கவில்லை. அதுவரை அவர் குரலை உயர்த்திப் பேசிக்கூட நான் பார்த்ததில்லை. என் நாவலின் நடுவில் இருக்க வேண்டிய காட்சி இது. பத்து வருடமாக எழுதாமல் சுற்றிச் சுற்றிப் போனேன். அப்பா இருக்கும்வரை அவர் படித்துவிடுவாரோ என்று. அவர் 2019இல் போனபின், போனவரைப் பற்றி எப்படி என்று. ஒவ்வொரு முறை அந்தப் பக்கத்துக்கு வரும்போதும் யாராவது கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால், கூப்பிட்டதுபோல எழுந்து போனேன்.

ஆக, கூப்பிடு குரல் என் நேரத்தைத் தின்றது. எழுதப் பயந்த இடத்தில் எனக்கு மறைவிடமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. இரண்டாவதைச் சொன்னால் முதலாவது பொய்யாகிவிடும் என்று பயந்துதான் நம்மில் பலர் இரண்டாவதைப் பேசுவதில்லை. பேச வேண்டும். டோனி மாரிசன் இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அவர்கள் விழித்துக் கூப்பிடும் முன் விடியலில் எழுதினார். முதல் நாவல் 1970இல் வந்தது. பிள்ளைகள் வளர்ந்த பின்பும் அதே பொழுதில்தான் எழுதினார். தேவைக்காக எழுந்தது வழக்கமாகி, அந்த வழக்கம் அவருடையதாகிவிட்டது. அவரைத் தினமும் எழுப்பியது கடிகாரம் மட்டும் என்று நான் நம்பவில்லை. சொல்லாமல் விட முடியாத ஒன்று இருந்தது. எனக்கும் இருந்தது; நான் அதை எழுப்பாமல் படுக்க வைத்திருந்தேன்.

இழை அறுந்தால்

கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். அவள் இப்போது என்னோடு இருக்கிறாள். "அந்தத் தொடர்கதைப் புத்தகத்த அப்பா அடுப்புல போட்டாரே, அத எழுதட்டுமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எழுது" என்றாள். "மறுநா அவரே போயி அதே புத்தகத்த வாங்கியாந்து ராட்டைக்கிட்ட வச்சிட்டுப் போனாரு. அதயும் சேத்து எழுது. நான் தொடல. அந்தக் கதை எப்பிடி முடிஞ்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

மறுநாள் புத்தகம் வந்தது எனக்குத் தெரியாது. பத்து வருடம் தள்ளிப்போட்டதில் அந்த வரியை எழுதாமலே செத்திருப்பேன்.

வேலையில் இடைஞ்சல் வந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. தறியில் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும். அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்ய வேண்டியதுதான், அதற்காக யாரும் தறியைப் பழிப்பதில்லை என்றாள். ஒரு பாவு தீரும்போது கடைசி இழைகளை முழுவதும் நெய்து முடித்துவிட மாட்டார்கள். கொஞ்சம் நுனியைத் தறியிலேயே விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுத்தால் தறி மறுபடி ஓடும். வெறும் தறியிலிருந்து தொடங்குவதென்றால் ஒவ்வோர் இழையையும் புதிதாகக் கோக்க வேண்டும்.

எனக்கு உதவிய பழக்கம் இதுதான். எழுந்து போகும்போது வாக்கியத்தை முடிக்காமல் விட்டுப் போகிறேன். திரும்பி வந்தால் பிணைக்க ஒரு நுனி இருக்கிறது. ஆயிரம் சொல் கணக்கை விட்டுவிட்டேன். நாற்பது நிமிடம். ஒருநாள் தவறினால் மறுநாள் முடிச்சு, அழுகை இல்லை. கைப்பேசி அம்மாவின் தலைமாட்டில் இருக்கும். கேட்டு வாங்கக் கூச்சமாக இருப்பதால் வாங்குவதில்லை.

ஆனால் என் பழக்கம் பாதிதான். மீதிப் பாதி வீட்டின் பழக்கம். செவ்வாய், வியாழன், சனி ராத்திரி ஒன்பதரைக்குமேல் வெந்நீரும் மாத்திரையும் சீருடையும் கணவருடைய பொறுப்பு என்று பேசி முடிவாயிற்று. முதல் மாதம் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வந்து எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது வேலையைப் பகிர்வதல்ல, கூப்பிடு குரலின் இன்னொரு வடிவம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சண்டையும் நடந்தது. மூன்றாம் மாதம் டப்பாக்களின் பெயரைப் படிக்கத் தொடங்கினார். காலியான வீட்டில் நான் ஒட்டிய பெயர்கள் அப்படியாவது பயன்பட்டன.

அந்த மாணவி படிப்பை முடித்துவிட்டாள். சென்ற வாரம் அவளுடைய நோட்டைத் திருப்பிக் கொடுக்க வரச் சொன்னேன். பன்னிரண்டு வழிகளில் எதையும் அடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரில், 'இதை நான் செய்ய வீட்டில் யார் எதைச் செய்ய வேண்டும்?' என்ற கேள்வியைப் பென்சிலால் எழுதியிருந்தேன். அவள் முதல் வரியின் எதிரில் உடனே ஒரு பெயரை எழுதினாள். அவள் தம்பியின் பெயர். தண்ணீர் வரும் நாளில் குடம் பிடிக்க.

"அவன் பிடிப்பானா?" என்றேன்.

"கேட்டதில்ல மேடம்" என்றாள்.

பன்னிரண்டாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. பதின்மூன்றாவது ஒரு வாக்கியத்தின் பாதியில் நிற்கிறது. இன்று வியாழக்கிழமை.